முட்டியை மடக்கி நின்ற மாதங்கள்

எனக்குப் பதினேழு வயது நடக்கும்போது ஒரு பால்பல் விழுந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிறகு எதிலும் கண்டதில்லை. என்னோடு பாண்டி விளையாடிய பெண்களெல்லாம் அதற்குள் கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று ஆகிவிட்டார்கள். நான் மட்டும் ஆடுகிற பல்லை நாக்கால் நெட்டிக்கொண்டு திரிந்தேன். விழுந்ததும் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தேன். அதைப் பார்த்த அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, யார்ட்டயும் சொல்லிராத" என்றாள். சொல்லாதே, காட்டாதே, நிமிராதே. அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அவ்வளவுதான். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு இராஜபாளையம். அப்பாவுக்குக் கரிசலில் பருத்திக்காடும், மலையடிவாரத்தில் கொஞ்சம் நஞ்சையும் இருந்தன. ஒன்பது வயது வரை நானும் ஊரில் மற்றப் பிள்ளைகள் மாதிரித்தான் வளர்ந்தேன். அதோடு நின்றுவிட்டது. காய்ச்சல் இல்லை, நோய் என்று படுக்கவில்லை. உயரம் நின்றது, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொன்றாக மற்றதும் நின்றது. முகம் உப்பியது. தோல் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. முடி கொட்டியது. சித்திரை வெயிலில் ஊரே விசிறியைத் தேடும்போது நான் போர்வையைத் தேடினேன். யாராவது ஒன்று கேட்டால் பதில் எனக்குத் தெரியும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர்கள் போய்விடுவார்கள். மந்தம் என்று பெயர் வைத்தார்கள். எனக்கோ உள்ளே கோபம் கொதிக்கும். அந்தக் கோபமும் மெதுவாகத்தான் வரும்.

படுத்திருக்கும் பிள்ளையை யாராவது தாண்டினால் பிள்ளை வளராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தாண்டினவர்கள் திரும்பி மறுபடி தாண்டினால்தான் தோஷம் கழியும். யார் தாண்டியது என்று அம்மா பல வருஷம் துப்புத் துலக்கினாள். சந்தேகப்பட்ட ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, என்னைப் பாயில் படுக்கப்போட்டு, திரும்பத் தாண்டச் சொன்னாள். சித்தப்பா தாண்டினார். பருத்தி எடுக்க வருகிற பெண்கள் வரிசையாகத் தாண்டினார்கள். ஒருமுறை வளையல் விற்க வந்தவளைக்கூட விடவில்லை. நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இத்தனை பேர் தாண்டியும் நான் ஒரு விரற்கடை நீளவில்லை.

வயதுக்கு வராத பெண்ணுக்கு அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் இடமே கிடையாது. சேலை கிடையாது, பாவாடைதான். பந்தியில் குழந்தைகளோடுதான் இலை. பெண்கள் நாலு பேர் கூடிப் பேசினால், "பச்சப்புள்ள நிக்குது" என்று பேச்சை நிறுத்துவார்கள். பச்சைப்பிள்ளைக்குப் பதினாறு வயது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் கண் பார்ப்பதைத்தான் வாய் பேசும். என்னைவிட நாலு வயது இளையவள் என் தங்கை. அவள் வளர்ந்து, பெரியவளாகி, தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக்கொண்டுவந்து குச்சு கட்டி, சடங்கு நடந்து, சேலைக்கும் மாறிவிட்டாள். அவள் கழித்துப் போட்ட பாவாடைகள் எனக்கு வந்தன. எந்த வீட்டிலும் மூத்தவள் உடுத்தியது இளையவளுக்குப் போகும். எங்கள் வீட்டில் ஆறு மேல்நோக்கி ஓடியது.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அப்பாவின் கூடப்பிறந்த அத்தையை ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அத்தை மகனுக்கு நான் உரிமைப்பெண். எனக்கு எட்டு வயதிலேயே பரிசம் போட்டாயிற்று. நான் சமைந்ததும் கல்யாணம் என்று பேச்சு. மாப்பிள்ளைக்கு மீசை முளைத்து, அது முறுக்கவும் ஆயிற்று. நான் சமையவில்லை. தங்கை சடங்குக்கு வந்த அத்தை, சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, இன்னும் எம்புட்டு நாளைக்கு நான் பாத்துக்கிட்டு இருக்க? பங்குனி வரைக்கும் பொறுப்பேன். மூத்தது வளருமா வளராதான்னு தெரிஞ்சாப் போதும். வளரும்னா எத்தன வருசம் ஆனாலும் காத்துக் கெடக்கேன். வளராதுன்னா சின்னவள எம்மகனுக்குக் குடுத்துருங்க. உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரணும். அம்புட்டுதான்."

அத்தை கெட்டவள் இல்லை. மனதில் இருப்பதைச் சொல்கிற ஆள். எனக்கு அந்த மாப்பிள்ளைமேல் ஆசை என்று சொன்னால் அது பொய். அவரை நான் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. ஆனால் ஒன்பது வயதிலிருந்து வெளியே வர எனக்கு இருந்த ஒரே வாசல் அது. அந்த வாசலில் என் தங்கை போய் நின்றால், நான் சாகும்வரை பாவாடையோடு பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த மாதம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஒரு டாக்டரைப் பற்றிக் காதில் விழுந்தது. சென்னையில் படித்தவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வளராத பிள்ளைகளைத் தேடித் தேடிப் பார்க்கிறார் என்றார்கள். அப்பா மாட்டுவண்டி பூட்டினார். வயதுக்கு வந்த பெண்ணாக இருந்தால் ஆம்பிளை டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த எங்கள் வீட்டில் சம்மதித்திருக்க மாட்டார்கள். நான்தான் சமையவில்லையே, போகலாம். அந்த ஒரு சலுகை எனக்கு இருந்தது.

டாக்டர் மெலிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என்னைப் பார்த்து யாருக்கும் அப்படி வந்ததில்லை. கழுத்தை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கையைத் தொட்டு "எப்பவும் இப்படிச் சில்லுன்னுதான் இருக்குமா?" என்று கேட்டார். பிறகு அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். சீமையில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே வளராத பிள்ளைகள் அதைத் தின்று வளர்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது கேட்குமா என்று தான் சோதித்துப் பார்ப்பதாகவும், சென்னையில் பெரிய டாக்டர்கள் சபையில் அதைச் சொல்லப் போவதாகவும் சொன்னார்.

"மருந்து நான் சும்மா தரேன். மாசம் ஒரு நாள் இவளை இங்க கொண்டுவந்து அளவு காட்டணும். அது ஒண்ணுதான் நான் கேட்கறது" என்றார்.

அம்மா முகம் வெளிறிப்போனது. மருந்து, பத்தியம், வண்டிப் பயணம் எல்லாவற்றுக்கும் அவள் தயார். அளப்பது மட்டும் ஆகாது. வளர்கிற பிள்ளையை அளந்தால் அளந்த இடத்தோடு நின்றுபோகும் என்பார்கள் எங்கள் பக்கம். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் ஒன்றைக் குறைத்துச் சொல்வாள் அம்மா. பருத்தி எவ்வளவு விளைந்தது என்று கேட்டால் பாதியைச் சொல்வாள். அன்றைக்கு அத்தை வேறு விவரம் தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரிக்கே வந்து சுவரோரம் நின்றிருந்தாள். அத்தை கண் கொள்ளிக்கண் என்பது அம்மாவின் தீர்மானம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அல்லவா.

சுவரில் இஞ்சுக்கோடு போட்ட பலகை ஒன்று நிறுத்தியிருந்தது. அதில் முதுகை வைத்து நிற்க வேண்டும். கம்பவுண்டர் தலைமேல் ஒரு சட்டத்தை வைத்து எண்ணைப் படிப்பார். பாவாடையைச் சரிசெய்கிற சாக்கில் அம்மா என்னிடம் குனிந்தாள்.

"ஏட்டி, முட்டிய செத்த மடக்கிக்கோ. முழு ஒசரத்தையும் காட்டாத" என்று காதுக்குள் சொன்னாள்.

மடக்கினேன். பாவாடை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெண்பிள்ளையின் பாவாடையைத் தூக்கிப் பார்க்க அந்த டாக்டருக்கும் வராது, கம்பவுண்டருக்கும் வராது. எண்ணை எழுதிக்கொண்டார்கள். அம்மா பெருமூச்சு விட்டாள். கண்ணேறுக்கு ஒரு பொய்யான பெண்ணைக் காட்டிவிட்டு, நிஜப் பெண்ணை ஒளித்துவைத்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

மருந்து பழுப்பு நிறப் பொடி. சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். எந்த வேர், எந்தப் பட்டை என்று அம்மா கேட்டாள். "சீமை மருந்தும்மா. கேட்காதீங்கோ, கொடுங்கோ" என்றார் டாக்டர். தினம் காலையில் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன்.

முதலில் வேர்த்தது. ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது நெற்றியில் என்னவோ ஊர்கிற மாதிரி இருந்தது. எறும்பு என்று துடைத்தேன். கை ஈரமாயிற்று. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு வேர்க்கிறது என்று தெரிந்ததும் அடுப்பை விட்டு நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பசி வந்தது. வயிறு தினம் ஒழுங்காகப் போயிற்று. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று கிடைக்காதவர்களுக்குத்தான் தெரியும். முகத்தின் உப்பல் வடிந்து கண்கள் வெளியே வந்தன. யாராவது ஏதாவது சொன்னால் பதில் டக்கென்று நாக்கில் நின்றது. சித்தப்பா ஏதோ கேலி செய்ய, நான் அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்தேன். வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பல் விழுந்தது.

பாவாடையும் ஏறத் தொடங்கியது. முதலில் பாதம் தெரிந்தது. அம்மா கரையில் இருந்த மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள். மறுபடி ஏறியது, மறுபடி பிரித்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரிப்பாள். அவள் முகத்தில் அப்போது இருந்த மகிழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றின்மேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்கு அவள் புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் மலையேறி வருவதாக நேர்ந்திருந்தாள். மருந்தும் வேண்டுதலும் ஒன்றாகத் தொடங்கியதால், எது வளர்த்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மாதா மாதம் வண்டி பூட்டினோம். மாதா மாதம் அத்தை வந்து நின்றாள். மாதா மாதம் அம்மா காதில் அதையே சொன்னாள். நான் வளர வளர அதிகமாக மடக்க வேண்டியிருந்தது. முதல் மாதம் முட்டி இலேசாக மடங்கினால் போதும். போகப் போகத் தொடை நடுங்க ஆரம்பித்தது. முதுகைப் பலகையில் ஒட்டவைத்து, தோளை அசைக்காமல், பாவாடைக்குள் பாதி உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். எண்ணைப் படித்து முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதே எண்ணைக் கம்பவுண்டர் திரும்பத் திரும்பப் படித்தார்.

டாக்டர் முகத்தில் இருந்த வெளிச்சம் மாதத்துக்கு மாதம் குறைந்தது. "முகம் தெளிஞ்சிருக்கு. பேச்சு தெளிஞ்சிருக்கு. உயரம் மட்டும் ஏன் ஏறலை?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். முகம் தெளிந்தது என்று சென்னையில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள், இஞ்சுக் கணக்கு வேண்டும் என்றார். மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது, பழையபடி குறைத்தார். நல்ல மனிதர். ஒரு வளர்ந்த பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு, வளரவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மாசி மாதம் அவர் அப்பாவிடம் தனியாகப் பேசினார். வண்டியில் திரும்பும்போது அப்பா சொன்னார். இந்த மருந்து சென்னையிலிருந்து கொஞ்சம்தான் வருகிறதாம். கேட்காத பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாதாம். அடுத்த மாதமும் ஏறவில்லையென்றால் நிறுத்திவிட்டு வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறாராம். அடுத்த மாதம் பங்குனி. அத்தை சொன்ன கெடுவும் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனேன்.

"அடுத்த மட்டம் நான் நிமிந்துதான் நிப்பேன். வளந்ததக் காட்டுனாத்தான மருந்து தருவாரு."

"மருந்தா ஒன்ன வளத்துச்சு? மலைமேல இருக்கான்லா, அவன் வளத்தான். நீ செத்த வாய மூடிக்கிட்டு இரி. இன்னும் நாலஞ்சு மாசத்துல சமைஞ்சிருவ. பொறவு ஒங்க அத்த என்ன, ஊரே வந்து பாக்கட்டும்."

"அதுக்குள்ள தங்கச்சிய கேட்டுட்டாவன்னா?"

"கேட்டா, பாத்துக்கிடலாம். வளருத நேரத்துல அவ கண்ணுல பட்டுட்டா பொறவு ஒண்ணுமே செய்ய ஏலாது" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. என்மேல் பாசம் இல்லாமல் அவள் இதைச் செய்யவில்லை. பாசம் இல்லாதவளாக இருந்திருந்தால் நான் எப்போதோ நிமிர்ந்து நின்றிருப்பேன்.

பங்குனியில் போனோம். அம்மா வழக்கம்போலக் குனிந்து காதில் சொன்னாள். நான் பலகையில் முதுகை வைத்தேன். கால்களை நேராக நீட்டினேன். பாவாடை தரையை விட்டு மேலே போய் என் பாதம் இரண்டும் வெளியே தெரிந்தன. சட்டத்தைத் தலையில் வைத்த கம்பவுண்டர் எண்ணைப் படிக்காமல் நின்றார். டாக்டர் எழுந்து வந்தார். என் பாதத்தைப் பார்த்தார், குதிகால் தரையில் பதிந்திருந்தது. பலகையைப் பார்த்தார். மடக்கி மடக்கி மறைத்ததெல்லாம் ஒரே நாளில் ஏறி நின்றது. ஒரு நொடி அந்த வெளிச்சம் அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

"போன மாசம் எப்படி நின்னே?"

"முட்டிய மடக்கிட்டு நின்னேன்" என்றேன்.

"அதுக்கு முந்தி?"

"அப்பவும் மடக்கித்தான் நின்னேன்."

"முதல் நாள்? மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி?"

பொய் சொல்லியிருக்கலாம். முதல் நாள் நேராகத்தான் நின்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதையே வேறாகியிருக்கும். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எல்லா உண்மையையும் சொல்லிவிட்டால் மருந்து கிடைத்துவிடும் என்று நினைத்தேன். "அன்னைக்கும் மடக்கித்தான் நின்னேன்" என்றேன்.

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "அப்போ நீ மருந்துக்கு முன்னாடியே இந்த உயரம்தானோ என்னமோ. நான் எதை வச்சுச் சொல்றது?" என்றார். என்னிடம் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்து, "இவ சொல்றது நிஜமாம்மா? முட்டியை மடக்கச் சொன்னீங்களா?" என்றார்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தையின் கண் என் பாதத்திலிருந்து உச்சிவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அப்போது டாக்டர் தெரியவில்லை, மருந்து தெரியவில்லை. அந்தப் பார்வைக்கு எதிரே எதையாவது இழுத்து மறைக்க வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது.

"இல்லீங்க அய்யா. சின்னப்புள்ள என்னமோ ஒளறுதா. இன்னைக்குத்தான் என்னமோ எம்பிக்கிட்டு நிக்கா" என்றாள்.

"எனக்குப் பதினேழு வயசு" என்று சொன்னேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது. பாவாடையின் கரையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன். மடிப்புப் பிரித்த இடமெல்லாம் துணி வெளுக்காமல் கோடு கோடாகத் தெரிந்தது. "இதப் பாருங்க. அம்மா எத்தன மட்டம் எறக்கித் தச்சிருக்கான்னு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். அந்தக் கோடுகளை விரலால் தடவிக்கூடப் பார்த்தார். அம்மா உடனே, "அது அவ தங்கச்சி பாவாடைங்க அய்யா. அவ வளந்தப்ப எறக்குனது" என்றாள்.

பாவாடை தங்கையுடையதுதான். அதில் பொய் இல்லை. டாக்டர் கரையைக் கையிலிருந்து விட்டுவிட்டார். இத்தனை மாத அளவும் வீண், இந்தப் பிள்ளையை வைத்துத் தான் எதையும் சொல்ல முடியாது, புதிதாகத் தொடங்கவும் தன்னிடம் மருந்து இல்லை என்று அப்பாவிடம் சொன்னார். வேறொரு பிள்ளை காத்திருக்கிறது என்றார். அத்தை முன்னால் வந்து கேட்டாள்.

"அய்யா, இவ வளருவாளா மாட்டாளா? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்றதுக்கு இல்லைம்மா" என்றார் டாக்டர்.

அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

வண்டியில் வரும்போது நான் அழவில்லை. அம்மாதான் அழுதாள். "அவ முன்னால எல்லாத்தையும் போட்டு ஒடச்சிட்டியேட்டி" என்று ஊர் வரும்வரை புலம்பினாள். வீட்டில் பாக்கி இருந்த பொட்டலங்களை நான் பாதிப் பாதியாகக் கலக்கிக் குடித்தேன். அதுவும் தீர்ந்தது. ஆடி மாதக் காற்றில் எனக்குக் குளிர்ந்தது. எல்லோருக்கும்தான் குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஆவணியில் வேர்க்கவில்லை. முகம் உப்புவது கண்ணாடி இல்லாமலே தெரிந்தது, சிரித்தால் கன்னம் கனத்தது. வார்த்தைகள் பழையபடி வழியில் நின்று இளைப்பாறத் தொடங்கின. வெளியே வந்து பார்த்துவிட்ட கிணற்றுக்குள் திரும்ப இறங்குகிற மாதிரி இருந்தது. முதல் தடவை விழுந்தபோது இருட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை தெரியும்.

அம்மா பாவாடைக் கரையைப் பிரிக்க ஊசி நூலோடு காத்திருந்தாள். ஏறவே இல்லை. "அன்னைக்கு நீ நிமிந்து நின்ன. அவ பாத்தா. அதோட நின்னுபோச்சு" என்றாள். நடந்ததும் அப்படித்தானே இருந்தது. நிமிர்ந்து நிற்கும்வரை வளர்ந்தேன், நிமிர்ந்தேன், நின்றுவிட்டது. அம்மா சாகும்வரை அதை நம்பினாள். சாகிற நாளிலும் அதற்காக என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் கையை உதறியிருப்பேன். கை எழும்பவில்லை.

தையில் தங்கைக்கும் அத்தை மகனுக்கும் கல்யாணம் நடந்தது. மூத்தவள் இருக்க இளையவளுக்கு நடப்பதைப் பற்றி ஊரில் யாரும் முணுமுணுக்கவில்லை. மூத்தவள் எங்கே இருந்தாள்? பந்தலில் பிள்ளைகளோடு பிள்ளையாக அல்லவா நின்றாள். தங்கைதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் எடத்துல நான் எப்பிடிக்கா போயி ஒக்காருவேன்" என்று அழுதாள். அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறந்ததும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் மடவார் வளாகத்துக்குக் கூட்டிப் போனார்கள். நான் வாழப் போக வேண்டிய வீட்டுக்கு வேலை பார்க்கப் போனேன். தங்கை பிள்ளைகள் ஒவ்வொன்றாக என் தோளுக்கு வந்து, என்னைத் தாண்டி மேலே போயின. பத்து வயதானதும் அவர்கள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடக் கூச்சப்பட்டார்கள்.

அப்படி என்னைத் தாண்டிப் போனவர்களில் ஒருவன் சென்னைக்குப் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தான். அப்போது எனக்கு ஐம்பதை ஒட்டிய வயது. வந்ததும் வராததுமாக என் கழுத்தை அமுக்கிப் பார்த்தான், கையைத் தொட்டுப் பார்த்தான். ஒரு மாத்திரை கொடுத்தான். ஒரு மாதத்தில் எனக்கு வேர்த்தது. அந்த வேர்வையை நான் மறக்கவில்லை. அதே பழைய வேர்வைதான். மூளையில் படிந்திருந்த பாசி விலகியது. தங்கை மகளிடம் எழுத்துப் படித்தேன். இதை எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டேன். எலும்பு முற்றிவிட்டதால் உயரம் மட்டும் இனி வராது என்றான். பாவாடையை விட்டுச் சேலை கட்டினேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் அவனிடம் கேட்டேன். "ஏலே, இது என்ன மருந்துலே? அந்தக் காலத்துல அந்த டாக்டர் சொல்லவே மாட்டேன்னுட்டாரு."

அவன் சிரித்தான். "ஆட்டுத் தொண்டைல குரல்வளைக்குக் கீழ ஒரு சின்னச் சதை இருக்கு பெரியம்மா. அதக் காயவச்சுப் பொடி பண்ணுனதுதான். இப்ப மாத்திரையா வருது, அப்ப பொடியா வந்திருக்கும். சாமி கும்பிடுத வீடு, சொன்னாத் திங்க மாட்டிகன்னு பயந்து மறைச்சிருப்பாரு."

"பச்சையாத் திங்கணுமோ?"

"லேசா வதக்கித் தின்னாலும் கேக்கும். மொதமொதல்ல அப்பிடித்தான் குடுத்திருக்காவ."

நாங்கள் கறி தின்கிற குடும்பம். எங்கள் வீட்டில் ஆட்டின் தலையை விடமாட்டோம், காலை விடமாட்டோம், குடலை விடமாட்டோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மாவே தினம் அம்மியில் அரைத்துக் கொடுத்திருப்பாள். கசாப்புக்கடை எங்கள் தெருமுனையில்தான் இருந்தது.

தங்கை கல்யாணத்துக்கு எங்கள் கொல்லையிலேயே ஆடு அறுத்தார்கள். அறுக்கிற பாய், கழுத்தை வகிர்ந்து, குரல்வளையையும் அதில் ஒட்டியிருந்த சதையையும் சவ்வையும் தனியே அறுத்து ஒரு ஓலைக்கூடையில் போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கூடையை வெளியே கொண்டுபோய் நாய்களுக்குக் கொட்ட வேண்டும். பெரியவர்களுக்கெல்லாம் கல்யாண வேலை தலைக்குமேல் கிடந்தது. கூடையை என்னிடம் கொடுத்தார்கள். நிறைந்து நிறைந்து வந்தது, நானும் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கொட்டினேன். நாய்கள் சண்டை போடாமல் இருக்க, எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டேன்.